பழைய .22 டார்கெட் ரைபிள் வாங்குவது எப்படி: லைசென்ஸ் முதல் 50 மீட்டர் சோதனை வரை

கிளப் ரைபிளில் சுட்டுப் பழகிவிட்டு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நினைக்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து உறுப்பினர்களுக்காக எழுதியது இது. புது ஆன்ஷுட்ஸோ வால்தரோ இறக்குமதி செய்யும் அளவுக்குப் பணம் இல்லையென்றால், 1950-லிருந்து 1990 வரை செய்த டார்கெட் ரைபிள்களில் நல்லது கிடைக்கும். .22 தோட்டாவின் குண்டு மெழுகோ கிரீஸோ தடவிய மெத்தென்ற ஈயம். அது ஓடி ஓடிப் பேரல் கெடுவது அபூர்வம். தப்பாகத் துடைத்தும், துருப்பிடிக்க விட்டும், தெரியாத கை திருகியும்தான் பெரும்பாலும் கெடுகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் கம்பெனிப் பெயர், பளபளப்பு, விலை என்ற வரிசையில் பார்க்கிறார்கள். பேரலும் காகிதமும் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறது. ஒரு படியில் தேறாத ரைபிளுக்கு அடுத்த படியைப் பார்க்க வேண்டியதில்லை; நேரமும் ரவுண்டும் மிச்சம்.

1. முதலில் லைசென்ஸ், பிறகு ரைபிள்

நல்ல ரைபிள் ஒன்று கண்ணில் பட்டதும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு லைசென்ஸுக்கு அலைவதுதான் அதிகம் நடக்கும் தவறு. போலீஸ் விசாரணை முடிய மாதக்கணக்காகலாம். அதுவரை பணம் அங்கே முடங்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்பி வருவது விற்பவரின் மனசைப் பொறுத்தது.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவு, மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிள் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தருவதைத் தனியாகவே சொல்கிறது. அதனால் தற்காப்பு என்று எழுதி விண்ணப்பிக்காதீர்கள். இலக்குப் பயிற்சி என்று எழுதி, கிளப் உறுப்பினர் சான்றையும் பயிற்சிச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் ஆட்சியரிடமும், கமிஷனரகம் உள்ள கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பம் போகும்.

விண்ணப்பத்தில் பலர் கவனிக்காமல் விடுவது தோட்டா எண்ணிக்கை. ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். எதுவும் கேட்காமல் விட்டால் சின்ன எண்ணிக்கைதான் வரும். வாரம் ஒரு முறை 60 ரவுண்டு சுடுகிறவருக்கே வருடத்துக்கு 3,000 தேவை. கிளப்பின் கடிதத்தோடு அந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, ஆயுத வகை .22 ரைபிள் என்று தெளிவாக இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே திருத்திக்கொள்ளுங்கள். ரைபிள் வாங்கிய பிறகு திருத்துவது இரட்டை வேலை.

2. பார்க்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரே துண்டாக உள்ள, பூச்சுப் போட்ட .22 கிளீனிங் ராடு. கைப்பிடி தன்னால் சுழல வேண்டும். பருத்திப் பேட்ச் ஒரு கைப்பிடி, வெண்கலப் பிரஷ் ஒன்று, சிறிய எல்.இ.டி. டார்ச், நான்கைந்து பஞ்சுக் குச்சி, மீன்கடையில் பார்க்கும் தொங்கு டிஜிட்டல் தராசு, சுட்டுத் தீர்ந்த .22 கேஸ் (தோட்டாவின் காலிக் கூடு) இரண்டு, வெர்னியர்.

பேரலுக்குள் பார்க்கும் குட்டிக் கேமராவான போர்ஸ்கோப் வாங்குகிறவர்கள் விட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது 5.5 மி.மீ. தலை உள்ளது. .22 பேரலின் உட்சுவரில் சுழன்று ஓடும் மேடுகளுக்கு இடைப்பட்ட விட்டமே ஏறக்குறைய 5.5 மி.மீ.தான், அதனால் நுழையாது. 4 மி.மீ.க்குக் குறைவானதைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமலும் இந்த வேலை நடக்கும்.

3. எந்த வகையைத் தேடுவது

50 மீட்டர் போட்டியில் ஒவ்வொரு ரவுண்டையும் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். ஆகவே மேகசினுக்கோ செமி ஆட்டோமேட்டிக்குக்கோ கூடுதல் விலை கொடுப்பது வீண். ரவுண்டை ஏற்றிப் பூட்டிச் சுடும் பொறியமைப்பைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். கனமான பேரல் உள்ள, ஒற்றை ரவுண்டு போல்ட் ஆக்‌ஷனோ மார்ட்டினி ஆக்‌ஷனோ போதும்.

நம் ஊர்ப் பக்கம் கைமாறுவதில் முதலில் சொல்ல வேண்டியது ஆன்ஷுட்ஸ். இதில் மேட்ச் 54, மேட்ச் 64 என்று இரண்டு ஆக்‌ஷன் உண்டு. 54 பெரியது, கனமானது, போட்டிக்கென்றே செய்தது. 1407, 1411, 1413 எண்களும் அடுத்து வந்த 1807, 1811, 1813 எண்களும் 54 ஆக்‌ஷன். 1411 படுத்துச் சுடுவதற்கு. 1413, 1813 இரண்டும் கொக்கியும் கட்டைவிரல் துளையும் வைத்த கனத்த ஃப்ரீ ரைபிள். 64 ஆக்‌ஷனில் வந்த 1403 எடை குறைவு, பள்ளி மாணவருக்கும் ஒத்துவரும், விலையும் இறங்கும். முதல் ரைபிளுக்கு 54 கட்டாயம் என்று கிளப்பில் சிலர் அடித்துச் சொல்வார்கள். பேரல் நன்றாக உள்ள 64, பேரல் தேய்ந்த 54-ஐ விட நன்றாகவே சுடும்.

பிஎஸ்ஏ மார்ட்டினியில் 12, 12/15 மாடல்களும், 1950 முதல் வந்த இன்டர்நேஷனல் வரிசையும் உண்டு. லீவரைக் கீழே தள்ளினால் பிளாக் இறங்கும், ரவுண்டைப் போட்டு லீவரை ஏற்றினால் பூட்டிக்கொள்ளும். லீவர் நடுவில் இருப்பதால் இடது கைக்காரர்களுக்கும் தொல்லை குறைவு. இதன் பலவீனம் துடைப்பதில் இருக்கிறது. ஆக்‌ஷனின் பின்பக்கம் அடைத்திருப்பதால் ராடை பின்னாலிருந்து நேராக விட முடியாது. அறுபது எழுபது வருஷமாக எல்லோரும் முன்வாயிலிருந்து ராடு விட்டிருப்பார்கள். அதனால் மார்ட்டினி என்றால் 5-ம் படியை இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும்.

பிர்னோ மாடல் 1, மாடல் 2 இரண்டும் நல்ல பேரல் உள்ள லேசான ரைபிள்கள், மூன்று கிலோவுக்குள். பழகவும் நின்று சுடவும் இனிமை. ஆனால் ஸ்லிங் (கையைத் தாங்கும் வார்) போட்டுப் படுத்துச் சுடும் போட்டிக்கு எடையும் ஸ்டாக்கும் போதாது. வால்தர் கே.கே.எம்., ஃபைன்வெர்க்பாவ் 2000 ஆகியவை கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம், அதற்கு முன் உதிரிப்பாகத்துக்கு யாரிடம் போவது என்று தெரிந்துகொள்ளுங்கள். வின்செஸ்டர் 52 தரமான ரைபிள்தான். அதன் சைட்டும் மற்ற சாமான்களும் இங்கே தேடினாலும் அகப்படாது.

1930-க்கு முன் செய்ததைத் தொடாமல் இருப்பது நல்லது. அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமர், சுட்ட பிறகு உப்பை விட்டுச் செல்லும். அன்றன்றே துடைக்காத பேரல் உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும்.

4. கையில் வாங்கியதும்: காலியா, எண் இருக்கிறதா

விற்பவர் காலி என்று சொன்னாலும் போல்ட்டைத் திறந்து, சேம்பரை (பேரலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டு விரல் நுனியால் தொட்டு உறுதி செய்யுங்கள். சேஃப்டி எந்தப் பக்கம் தள்ளினால் பூட்டும் என்பது பழைய ரைபிள்களில் மாடலுக்கு மாடல் மாறும். பழகிய ரைபிளின் வழக்கத்தை இதில் நம்பக் கூடாது.

அடுத்து சீரியல் எண். ஆக்‌ஷனில் உள்ளது, பேரலில் உள்ளது, போல்ட்டில் இருந்தால் அது, விற்பவரின் லைசென்ஸில் உள்ளது, எல்லாம் பொருந்த வேண்டும். போல்ட் எண் வேறாக இருந்தால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் பேரல் முகத்துக்கும் உள்ள இடைவெளி) சந்தேகம் (6-ம் படி). ஆக்‌ஷன் எண் லைசென்ஸோடு பொருந்தாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் எண் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பதும் குற்றம்.

புதுசாகக் கறுப்புப் பூச்சு ஏற்றிய ரைபிள் கண்ணைப் பறிக்கும். எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். கூர் மழுங்கி, பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் எமரி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். துருவை மறைக்கத்தான் பெரும்பாலும் தேய்ப்பது. பூச்சு மங்கி, எண் தெளிவாக இருக்கும் ரைபிளே மேல்.

ஸ்குரூ தலைகளையும் ஒரு பார்வை பாருங்கள். பள்ளம் சிதைந்து உதடு பிதுங்கியிருந்தால், பொருந்தாத ஸ்குரூ டிரைவரோடு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள். டிரிகரில் கை வைத்தாரா என்று நேராகக் கேளுங்கள்.

5. பேரல்: விலையைத் தீர்மானிக்கும் பாகம்

மற்ற எதையும் பிறகு சரிசெய்யலாம், மாற்றலாம். பழைய மாடலுக்கு மாற்றுப் பேரல் இங்கே கிடைப்பதும், அதை லைசென்ஸோடு முறைப்படி மாற்றுவதும் ரைபிள் விலைக்கு மேல் போய்விடும். ஆகவே அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள்.

துடைத்த பிறகே பார்க்க வேண்டும். ஈயமும் எண்ணெயும் அரிப்புக் குழிகளை மூடி வைத்திருக்கும். உரிமையாளரின் அனுமதியோடு பின்பக்கமிருந்து (மார்ட்டினியில் ராடுக்குப் பதில் புல்-த்ரூ என்ற இழுகயிற்றால்) எண்ணெய்ப் பேட்ச் இரண்டு, வெண்கலப் பிரஷ் நான்கைந்து முறை, பிறகு உலர்ந்த பேட்ச் வெள்ளையாக வரும் வரை. துடைக்கவே விடாதவரிடம் வாங்காதீர்கள்.

முன்வாய். டார்ச் வெளிச்சத்தில் முன்வாயின் விளிம்பைப் பாருங்கள். வட்டம் சீராக, ஒவ்வொரு பள்ளமும் ஒரே கூர்மையில் முடிய வேண்டும். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு விளிம்போடு உரசி வெளியே இழுங்கள். எங்கேயாவது பஞ்சு மாட்டினால் அங்கே வெட்டு இருக்கிறது. குண்டு பேரலை விட்டுப் பிரியும் கடைசித் தொடுதல் அந்த இடம். அங்கே ஒரு பக்கம் வாயு முன்னால் கசிந்தால் குண்டு சாய்ந்து கிளம்பும். வெட்டு சிறியதாக இருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. சீவிப் புது முகம் எடுக்கலாம். ஆகவே இது விலை குறைக்கும் காரணம், நிராகரிக்கும் காரணமல்ல.

ராடு தேய்மானம் வேறு. முன்வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால், அல்லது கடைசி நாலைந்து செ.மீ. மேடுகள் ஒரு பக்கம் மழுங்கியிருந்தால், முன்னாலிருந்து ராடு விட்டே தேய்த்திருக்கிறார்கள். இதைச் சீவிச் சரிசெய்ய நிறைய வெட்ட வேண்டும். பேரலைக் குட்டையாக்குவதற்கே சட்டத்தில் தனி அனுமதி வேண்டும். விட்டுவிடுங்கள்.

பேட்ச் சோதனை. ராடு நுனியில் சற்று இறுக்கமாகப் போகும்படி உலர்ந்த பேட்ச் சுற்றி, பின்னாலிருந்து மெதுவாக, ஒரே வேகத்தில் தள்ளுங்கள். கையில் வரும் அழுத்தத்தைக் கவனியுங்கள். முழுக்க ஒரே இறுக்கமாகப் போய், முன்வாய் அருகே கொஞ்சம் கூடினால் அருமையான பேரல். நடுவில் சட்டென்று ஓர் அங்குலம் தளர்ந்து மறுபடி இறுகினால் அங்கே வீக்கம். முன்னால் போன குண்டு உள்ளே சிக்கியிருக்க, அடுத்ததையும் சுட்டதால் வருவது அது. டார்ச்சில் அந்த இடம் கரிய வளையமாகத் தெரியும். வெளியே விரலால் வருடினால் சில சமயம் மேடு தட்டுப்படும். வீக்கம் சேம்பர் பக்கம் இருந்தால் சில பேரல்கள் சுமாராகச் சுடும், முன்வாய்ப் பக்கம் இருந்தால் சுடாது. எதுவானாலும் டார்கெட் ரைபிள் விலைக்கு வாங்க வேண்டாம்.

சேம்பர். .22-ல் வழக்கமான தோட்டா லாங் ரைபிள், குட்டையானது ஷார்ட். லாங் ரைபிள் கேஸின் நீளம் 15.6 மி.மீ., ஷார்ட் கேஸ் 10.7 மி.மீ. லாங் ரைபிள் சேம்பரில் ஷார்ட் தோட்டாவை நிறைய சுட்டிருந்தால், ஷார்ட் கேஸ் முடியும் இடத்தில் சூடான வாயு அரித்த வளையம் இருக்கும். லாங் ரைபிள் கேஸ் விரிந்து அந்த வளையத்தில் உட்கார்ந்துகொள்ளும், சுட்ட பிறகு வெளியே வராமல் மக்கர் செய்யும்.

சேம்பரின் பின் விளிம்பையும் பாருங்கள். காலி ரைபிளில் டிரிகர் இழுத்துப் பழகினால், தோட்டா விளிம்பு இல்லாத இடத்தில் ஃபயரிங் பின் நேராகப் பேரல் முகத்தில் அடிக்கும். சின்னப் பள்ளமும் உள்பக்கம் பிதுங்கிய முள்ளும் உண்டாகும். சுட்ட கேஸை விரலால் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் தட்டினால் முள் இருக்கிறது. இதைச் சேம்பர் அயர்ன் என்ற கருவியால் கன்ஸ்மித் அமுக்கிச் சரிசெய்வார், சில நிமிட வேலை. அரம் போட்டவர்கள் சேம்பரைக் கெடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று. கணபதியிலும் பீளமேட்டிலும் மைக்ரான் சுத்தத்தில் கடையும் லேத் பட்டறை தெருவுக்குத் தெரு இருக்க, முன்வாய் சீவ வேறெங்கே போவது என்று தோன்றும். ஆயுதத்தைப் பழுது பார்க்கவும் மாற்றவும் அதற்கான லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டுமே உரிமை. எவ்வளவு கைதேர்ந்த டர்னராக இருந்தாலும் அவரிடம் பேரலையோ போல்ட்டையோ கொடுத்தால் இரண்டு பேரும் சிக்குவீர்கள்.

6. போல்ட், எக்ஸ்ட்ராக்டர், ஹெட்ஸ்பேஸ்

.22 தோட்டாவில் மருந்து பற்றுவது விளிம்பில். அந்த விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 1.09 மி.மீ. போல்ட் முகத்துக்கும் பேரல் முகத்துக்கும் இடையே 1.09 முதல் 1.17 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதிகமானால் ஃபயரிங் பின் அடியின் வேகத்தைத் தோட்டாவை முன்னால் தள்ளுவதிலேயே செலவழிக்கும். ஒரு ரவுண்டு வெடிக்காமல் போய், இரண்டாம் அடியில் வெடிப்பது இதன் அறிகுறி. குழு (டார்கெட்டில் ஓட்டைகள் விழும் கூட்டம்) பரவுவதற்கும் இது காரணமாகலாம். அளவுக் கருவியோடு கன்ஸ்மித் பார்ப்பதுதான் முறை. உயிருள்ள தோட்டாவை வைத்து வீட்டில் பார்க்கும் வேலை வேண்டாம்.

சுட்ட கேஸ்கள் இரண்டு மூன்று கேட்டு வாங்கிப் பாருங்கள். பின் அடித்த தடம் எல்லாவற்றிலும் விளிம்பில், ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். தடம் மெலிந்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும் அல்லது போல்ட்டுக்குள் பழைய எண்ணெய் பசையாகியிருக்கும். இரண்டாவதுதான் அடிக்கடி. பிரித்துக் கழுவினால் தீர்ந்தது.

சுட்ட கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகம் கூராக இருக்கிறதா பாருங்கள். காலி கேஸைப் போட்டுப் பத்துத் தடவை இழுங்கள். ஒன்றிரண்டை விட்டுவிட்டால், அந்த மாடலுக்கு எக்ஸ்ட்ராக்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டறிந்த பிறகே விலை பேச வேண்டும்.

7. டிரிகர்

ரைபிள் காலி என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான பக்கம் திருப்பி, போல்ட்டைப் பத்து முறை வேகமாக மூடுங்கள். பிறகு சேஃப்டியை எடுத்துவிட்டு, பட் பிளேட்டை ரப்பர் பாயில் ஒரு சாண் உயரத்திலிருந்து மூன்று முறை தட்டுங்கள். ஒருமுறை தானாக விழுந்தாலும் டிரிகர் ஆபத்து நிலையில் இருக்கிறது.

பழைய டார்கெட் ரைபிளில் டிரிகரை மயிரிழைக்கு இறக்கி வைத்திருப்பது சகஜம். தொங்கு தராசின் கொக்கியை மாட்டி இழுத்து அளந்து பாருங்கள். 50 மீட்டர் போட்டியில் குறைந்தபட்ச எடை விதி இல்லை என்றாலும், முதல் ரைபிளுக்கு 500 கிராமுக்குக் கீழே வேண்டாம். படுத்திருக்கும்போது குளிரில் மரத்த விரல் முதல் நிலையைத் தொடுவதற்குள் குண்டு போய்விடும். சரிசெய்யும் ஸ்குரூ திரும்பி, எடை கூடுகிறதா என்று உரிமையாளரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். திருகியும் மாறவில்லை என்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ கல்லில் உரசியிருக்கிறார்கள்.

8. சைட்: மலிவு ரைபிளின் மறைந்த செலவு

“சைட்டு மட்டும் இல்லீங்க, மத்ததெல்லாம் பக்காவா இருக்குதுங்க” என்ற வார்த்தைக்கு ஏமாந்தவர்கள் நிறைய. சிறு துளை வழியாகப் பார்க்கும் டார்கெட் அப்பர்ச்சர் பின் சைட்டும், வளையம் பொருத்தும் குழாயான முன் சைட் டனலும் தனியாக வாங்கப் போனால், மலிவான ரைபிளில் மிச்சம் பிடித்ததை அதுவே விழுங்கும்.

ஆன்ஷுட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பிர்னோ எல்லாம் ஆக்‌ஷன் மேலே 11 மி.மீ. டவ்டெயில் (சைட் சறுக்கிப் பொருந்தும் தடம்) உள்ளவை, ஒன்றின் பின் சைட்டை இன்னொன்றில் பெரும்பாலும் பொருத்தலாம். பிஎஸ்ஏ மார்ட்டினியில் பார்க்கர் ஹேல் சைட்டுகள் மாடலுக்கு மாடல் வேறு தளத்தோடு, ஆக்‌ஷன் பக்கவாட்டில் ஸ்குரூ போட்டு உட்காரும். சைட் இல்லாத மார்ட்டினியை ஒதுக்கிவிடுவது நல்லது.

சைட் இருந்தால், இருபது கிளிக் வலது, இருபது கிளிக் இடது திருப்பி, தொடங்கிய இடத்துக்கே வருகிறதா பாருங்கள். திசை மாற்றும்போது முதல் மூன்று நான்கு கிளிக் அசைவே இல்லாமல் போனால் ஸ்பிரிங் தேய்ந்திருக்கிறது. முன் டனலின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ., 22 மி.மீ. என்று இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு, ஒன்றின் வளையம் மற்றதில் உட்காராது. வளையச் செட்டும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள்.

9. ஸ்டாக்கும் உங்கள் உடம்பும்

முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, பட் பிளேட்டை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் படிய வேண்டும். இந்த ரைபிள்கள் ஐரோப்பிய ஆளின் கைக்குச் செய்தவை. நம்மில் பலருக்கு ஒன்றிரண்டு செ.மீ. நீளம் கூடுதல். நகரும் பட் பிளேட் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் ஸ்பேசர் கழற்ற முடியுமா பாருங்கள். நல்ல வால்நட் ஸ்டாக்கை அறுப்பது கடைசி வழி.

எடையும் உடம்போடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். 1411 ஐந்து கிலோவுக்கு மேல், 1413 ஏழு கிலோவை நெருங்கும். படுத்துச் சுடும்போது எடை உதவும். நின்று சுடும்போது நாற்பது ரவுண்டில் தோள் சொல்லிவிடும்.

கைப்பிடிக் கழுத்திலும் ஆக்‌ஷனின் பின்முனையிலும் விரிசல் தேடுங்கள். ஆக்‌ஷனைக் கழற்ற அனுமதித்தால் உள்பக்க மரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் அதிகம் ஊற்றி, பட் கீழே இருக்க நிறுத்தியே வைத்த ரைபிளில் எண்ணெய் வடிந்து மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருக்கும். அதில் ஆக்‌ஷன் ஸ்குரூ இறுக்கம் நிற்காது, குழு நாளுக்கு நாள் இடம் மாறும். பெட்டிங் (மரத்தில் கெட்டிப் பிசின் படுக்கை) போட்டு மீட்கலாம், செலவுக் கணக்கில் சேருங்கள்.

10. 50 மீட்டரில் சுட்டுப் பார்ப்பது

“தோட்டத்துல தென்ன மரத்துல வெச்சு ரெண்டு போட்டுப் பாத்துக்கலாமுங்க” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். சோதனை கிளப் ரேஞ்சில் மட்டும், உரிமையாளர் பக்கத்தில் இருக்க, கிளப் செயலாளரிடம் முன்பே சொல்லி வைத்து.

நேரம் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், கோவை முழுக்க விடாது அடிக்கும். மணிக்கு 15 கி.மீ. குறுக்குக் காற்று 50 மீட்டரில் குண்டை 2 செ.மீ.க்கு மேல் தள்ளும். டார்கெட்டின் பத்தாம் வளையமே 10.4 மி.மீ.தான். அந்த மாதங்களில் காலை எட்டரைக்குள் முடியுங்கள், அல்லது நாளைத் தள்ளிப்போடுங்கள். காற்றில் சுட்ட குழுவை வைத்து நல்ல ரைபிளை வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு.

இரண்டு வகைத் தோட்டா வேண்டும்: உள்நாட்டுக் கே.எஃப். ஒன்று, வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ஒன்று. ஹை வெலாசிட்டி வேண்டாம். அது ஒலி வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, போகும் வழியில் மறுபடி கீழே இறங்கும். அந்த இடத்தில் குண்டு தடுமாறும்.

ஆக்‌ஷன் ஸ்குரூ இரண்டும் இறுக்கமாக இருக்கிறதா பார்த்துவிட்டு, மணல் பை மேல் வைத்து, துடைத்த பேரலில் பத்து ரவுண்டு கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். பேரலில் மெழுகு படிந்த பிறகுதான் குழு நிலைக்கும். பிறகு பத்து ரவுண்டுக் குழு இரண்டு. தோட்டா மாற்றியதும் மறுபடி பத்து விரயம், பிறகு இரண்டு குழு. மொத்தம் 60 ரவுண்டு. ஐந்து ரவுண்டுக் குழு ஒன்றைக் காட்டி விற்பது பழைய உத்தி. எந்த ரைபிளும் எப்போதாவது ஐந்தை ஒரே ஓட்டையில் போடும்.

வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து 5.6 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையம் வரும். பத்து ரவுண்டு 20 மி.மீ.க்குள் வந்தால் தயங்காமல் வாங்கலாம். 25 வரை முதல் ரைபிளுக்குப் போதும். இரண்டு தோட்டாவிலும் 30-க்கு மேல் போனால் குழுவின் வடிவத்தைப் பாருங்கள். இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் சைட்டோ ஆக்‌ஷன் ஸ்குரூவோ ஆடுகிறது. சூடாகச் சூடாக ஒரே திசையில் நகர்ந்தால் பேரல் ஸ்டாக்கில் எங்கோ உரசுகிறது. ரூபாய் நோட்டு ஒன்றை இரண்டுக்கும் இடையே விட்டு இழுத்தால் இடம் தெரியும். ஒரே கூட்டமாகச் சீராகப் பரவியிருந்தால் பேரல்தான். அங்கே விலை பேச எதுவும் இல்லை.

11. விலையும் கைமாற்றமும்

குறைகளை எழுதி, ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஆகும் தொகையை டீலரிடம் கேட்டு, அதைக் கழித்து விலை சொல்லுங்கள். கைவசப் பணம் முழுவதையும் ரைபிளில் போட்டுவிடாதீர்கள். ஸ்லிங், ஜாக்கெட், ஒரே லாட்டில் ஆயிரம் ரவுண்டு, இவற்றுக்கு மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் வேண்டும்.

விற்பவர் தனி ஆளாக இருந்தால், விற்கப்போவதை மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். கடிதத்தின் ஒப்புகை நகலை வாங்கி வையுங்கள். போட்டி வீரர் சலுகையில் இறக்குமதி செய்த ரைபிள் என்றால், விற்பதற்குக் கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா என்று இறக்குமதி அனுமதிக் கடிதத்தையும் படித்துப் பாருங்கள். வாங்கிய உடன் உங்கள் லைசென்ஸில் ரைபிளின் எண் ஏற வேண்டும். அதுவரை அது விற்பவரிடமோ டீலரிடமோ இருக்கட்டும்.

12. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலையாகப் போல்ட்டைப் பிரித்துப் பழைய பசையைக் கழுவி, கன் ஆயில் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்து, மார்கழிக் காலையில் ஃபயரிங் பின்னை மந்தமாக்கும்; நாள்பட்டால் கோந்தாகும்.

ஆக்‌ஷன் ஸ்குரூவை டார்க் டிரைவரால் 4 முதல் 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்.

ரெக்சின் உறையிலும் ஃபோம் பெட்டியிலும் நிரந்தரமாக வைக்காதீர்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபோம் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பூட்டிய இரும்பு பீரோவில், முன்வாய் கீழே இருக்க நிறுத்துங்கள். எண்ணெய் மரத்துக்குப் போகாது. போல்ட் தனிப் பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில்.

மார்ட்டினி வாங்கியவர்கள் ராடைத் தொடவே வேண்டாம். பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் நைலான் புல்-த்ரூ போதும். மற்றவர்கள் பின்பக்கம், ராடை நடுவில் பிடிக்கும் போர் கைடு வைத்து மட்டுமே ராடு விடுங்கள், பிரஷை முன்வாயைத் தாண்டியதும் கழற்றிவிட்டு ராடைத் திரும்ப இழுங்கள்.